முதலாவது வந்தால் யார், இரண்டாவது வந்தால் யார்

2025 டிசம்பர் 5, நடுச்சாமம். கட்டாரில் இருந்து அண்ணா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். கொப்பித் தாள் ஒன்று, நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ‘முதலாவது வந்தால்’, வலப்பக்கம் ‘இரண்டாவது வந்தால்’. கீழே நாடுகளின் பெயர்கள், அம்புக்குறிகள், கேள்விக்குறிகள். 2026 உலகக் கிண்ணத்துக்கான குழுக்களை வோஷிங்டனில் அப்பதான் பிரித்து முடித்திருந்தார்கள். ஹொஸ்ரலில் என்ர அறைக்காரி நித்திரை. நான் போர்வைக்குள்ளே போனை வைத்துக்கொண்டு படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன்.

ஆர்ஜென்ரீனா ஜே குழுவில். கூட அல்ஜீரியா, ஒஸ்ரியா, ஜோர்தான். அந்தக் குழுவில் முதலாவதாக வந்தால், நொக் அவுட்டின் முதல் ஆட்டத்தில் எச் குழுவின் இரண்டாம் இடத்தோடு மோத வேண்டும். இரண்டாவதாக வந்தால் எச் குழுவின் முதலாம் இடத்தோடு. எச் குழுவில் இருப்பது ஸ்பெயின், உருகுவே, சவூதி அரேபியா, கேப் வேர்ட். ஸ்பெயினும் ஆர்ஜென்ரீனாவும் தங்கள் குழுக்களில் முதலாவதாக வந்தால் இறுதி ஆட்டம் வரைக்கும் சந்திக்கவே ஏலாது, அப்படித்தான் பாதையை வகுத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டில் ஒன்று மட்டும் சறுக்கி இரண்டாவதாகி, மற்றது முதலாவதாக நின்றால், நொக் அவுட்டின் முதல் ஆட்டமே இந்த இரண்டுக்கும்தான்.

இதைத்தான் அண்ணா அந்தத் தாளில் வரைந்திருந்தார். கீழே ஒரு குரல் பதிவு. “தங்கச்சி, இந்த முறை மூண்டாவதா வாற ஆக்களும் போகலாம். பன்னிரண்டு குழு, அதில நல்ல எட்டு மூண்டாமிடம். எந்தெந்தக் குழுவில இருந்து அந்த எட்டும் வரும் எண்டு பாத்தா 495 விதம் இருக்கு. எல்லாத்தையும் எழுத எனக்குக் கொப்பி காணாது.”

சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு கனநேரம் நித்திரை வரவில்லை.

எங்கட வீட்டில் இந்தக் கணக்கு புதிசு இல்லை. இலங்கை அணி உலகக் கிண்ணத்துக்கு ஒருநாளும் தெரிவானதில்லை. அதனால் எங்கட ஊரில் எல்லாரும் இன்னொரு நாட்டைத்தான் தத்தெடுப்பார்கள். ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் பிரேசில், அந்தப் பக்கம் ஆர்ஜென்ரீனா. அண்ணாவுக்கு மெஸ்ஸி. அண்ணாவுக்கு எது பிடிக்குதோ அது எனக்கும் பிடிக்கும், அந்த வயதில் வேறு யோசனை இல்லை.

2018இல் அண்ணாவுக்கு ஏ.எல். சோதனை ஓகஸ்ட்டில். உலகக் கிண்ணம் ஜூன், ஜூலையில். அம்மா ரிவியை மூடி மூடி வைப்பா, அண்ணா சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார்ப்பார். ஐஸ்லாந்தோடு 1-1. மெஸ்ஸி அடித்த பெனால்ரியை கோல் காப்பாளர் தடுத்துவிட்டார். குரோசியாவோடு 0-3. அன்றைக்குத்தான் முதல் தடவை அண்ணா வர்த்தகப் பாடக் கொப்பியின் கடைசித் தாளில் கோடு போட்டார். எது நடந்தால் யார் வருவார்கள் என்று. நைஜீரியாவோடு 86ஆவது நிமிடத்தில் றோஹோ அடித்த கோலால் 2-1 என்று வென்று, குழுவில் இரண்டாமிடம். இரண்டாமிடம் என்றால் எதிரே பிரான்ஸ். ஜூன் 30, கசான் நகரில் 4-3 என்று பிரான்ஸ் வென்றது. எம்பாப்பே என்ற பெயரை நான் முதல் தடவை கேட்டது அன்றைக்குத்தான். பத்தொன்பது வயதுப் பெடியன் இரண்டு கோல் அடித்தான்.

“முதலாவதா வந்திருந்தா டென்மார்க் வந்திருக்கும்” என்றார் அண்ணா. அந்த வசனத்தை அந்தக் கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே ‘வந்திருந்தால்’ பிறகு வேறு விதமாக வீட்டுக்குள் வந்தது. ஏ.எல் பெறுபேறு நல்லம்தான். இசட் புள்ளியும் மோசமில்லை. ஆனால் இசட் புள்ளி கையில் இருந்தும் உள்ளே போகலாமா இல்லையா என்று தெரியாது. அது மற்றவர்கள் எவ்வளவு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. வெட்டுப்புள்ளி வரும்வரைக்கும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அண்ணா போன வருசத்து வெட்டுப்புள்ளி, அதற்கு முதல் வருசத்து வெட்டுப்புள்ளி எல்லாவற்றையும் எழுதி, பாடநெறிக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று என்று கோடு போட்டு வைத்திருந்தார். வந்தபோது மயிரிழையில் போய்விட்டது. அடுத்த வருசமும் எழுதினார், சரிவரவில்லை. பிறகு கொரோனா. பிறகு வீட்டுக் கடன். 2021இல் கட்டாருக்குப் போனார். அங்கே ஒரு களஞ்சியத்தில் கொள்கலன்களில் இருந்து சாமான் இறக்கும் வேலை.

அவர் போய் அடுத்த வருசம் உலகக் கிண்ணம் அவர் இருந்த நாட்டுக்கே வந்தது.

2022 நவம்பர். நான் ஏ.எல் எழுதி, பெறுபேறும் வந்து, வெட்டுப்புள்ளிக்காகக் காத்திருந்த காலம். நாடு முழுக்கக் கரண்ட் கட். அண்ணா நாளாந்தம் படம் அனுப்புவார், எல்லாம் வெளியில் நின்று எடுத்தவை. ரிக்கற் வாங்கிப் போகும் அளவுக்குச் சம்பளம் இல்லை. தொழிலாளர்கள் இருக்கிற பக்கம் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் பெரிய திரை போட்டிருந்தார்கள், வேலை முடித்து அங்கே போய்ப் பார்ப்பார். “ஆயிரக்கணக்கில பெடியள். நேபாளம், பங்களாதேஷ், கேரளா, எங்கட ஆக்கள். எல்லாரும் ஆர்ஜென்ரீனா, இல்லாட்டி பிரேசில். ஆர்ஜென்ரீனாக்காரனைத்தான் காணேல்ல.”

முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோல்வி. மெக்சிக்கோவை 2-0 என்று வென்றதும் மூச்சு வந்தது. கடைசி ஆட்டத்துக்கு முதல் போலந்துக்கு 4 புள்ளி, ஆர்ஜென்ரீனாவுக்கும் சவூதிக்கும் தலா 3, மெக்சிக்கோவுக்கு 1. அண்ணாவின் தாள் வந்தது. ‘வென்றால் முதலிடம் மாதிரித்தான். சமன் என்றால் மற்ற மச்சைப் பாக்கோணும். தோத்தால் வீடு.’

இதில் ஒரு விசயம் இருக்கிறது. ஒரே குழுவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில்தான் நடக்கும். அதற்குக் காரணம் 1982. ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் மேற்கு ஜேர்மனியும் ஒஸ்ரியாவும் விளையாடியபோது, அல்ஜீரியா முதல் நாளே தன் கடைசி ஆட்டத்தை முடித்திருந்தது. ஜேர்மனி சின்ன வித்தியாசத்தில் வென்றால் இரண்டு பேரும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. பத்தாவது நிமிடத்தில் ஜேர்மனி ஒரு கோல் அடித்தது. மிச்ச எண்பது நிமிடமும் இரண்டு அணியும் பந்தைத் தங்களுக்குள் தட்டிக்கொண்டு நின்றன. ஜேர்மனியையே 2-1 என்று வென்றிருந்த அல்ஜீரியா வீட்டுக்குப் போனது. 1986இல் இருந்து கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில்.

ஆனால் வேறு வேறு குழுக்களுக்கு அந்த விதி இல்லை. நவம்பர் 30 எங்கட நேரம் இரவு எட்டரைக்கு டீ குழு. நள்ளிரவு பன்னிரண்டரைக்குத்தான் ஆர்ஜென்ரீனா இருந்த சீ குழு. டீ குழுவில் பிரான்ஸ் ஏற்கெனவே தெரிவாகிவிட்டதால் வழமையாக ஆடுகிற பலரை வெளியில் இருத்தி, துனிசியாவிடம் 1-0 என்று தோற்றது. அப்படியும் குழுவில் முதலாவது. அவுஸ்திரேலியா டென்மார்க்கை 1-0 என்று வென்று இரண்டாவது. ஆக, மெஸ்ஸி மைதானத்துக்குள் கால் வைக்க முதலே எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முதலாவது வந்தால் அவுஸ்திரேலியா. இரண்டாவது வந்தால் பிரான்ஸ். திரும்பவும் பிரான்ஸ், திரும்பவும் எம்பாப்பே.

அந்த ஆட்டம் நடந்த மைதானத்தின் பெயர் 974. கப்பலில் சாமான் ஏற்றும் கொள்கலன்களை அடுக்கிக் கட்டியது, மொத்தம் 974 கொள்கலன். கட்டாரின் தொலைபேசிக் குறியீடும் அதுதான். அண்ணா அழைக்கும்போது அம்மாவின் போனில் முதலில் தெரிகிற இலக்கம். “நான் இறக்கி வைக்கிற பெட்டியை அடுக்கி ஸ்டேடியம் கட்டியிருக்கிறாங்கள், என்னை உள்ள விடமாட்டாங்களாம்” என்று சொல்லிவிட்டு அண்ணா அந்தச் சிரிப்புச் சிரித்தார்.

முதல் பாதியில் மெஸ்ஸியின் பெனால்ரியை போலந்து கோல் காப்பாளர் செஸ்னி தடுத்தார். 2018 திரும்ப வந்தது போல எனக்கு வயிற்றைக் கலக்கியது. இடைவேளை முடிந்த கையோடு மக் அலிஸ்ரர் ஒன்று, 67இல் ஜூலியன் அல்வாரஸ் ஒன்று. 2-0. எங்கட கணக்கு முடிந்தது, முதலிடம், அவுஸ்திரேலியா. நான் அண்ணாவுக்குக் கைதட்டும் படம் ஒன்றை அனுப்பினேன். அவரிடம் இருந்து பதில் இல்லை.

மற்றப் பக்கம் லுசைல் மைதானத்தில் மெக்சிக்கோ சவூதியை 2-0 என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த நிலைமையில் போலந்தும் மெக்சிக்கோவும் புள்ளியில் சமன், கோல் வித்தியாசத்தில் சமன், அடித்த கோலில் சமன், தங்களுக்குள் ஆடியதும் 0-0. மிஞ்சியது மஞ்சள் அட்டை மட்டும். போலந்துக்கு 5, மெக்சிக்கோவுக்கு 7. இரண்டு மஞ்சள் அட்டையில் போலந்து உள்ளே நின்றது. மெக்சிக்கோ இன்னும் ஒரு கோல் அடித்தால் வெளியே. போலந்து தான் இன்னும் ஒன்று வாங்கினாலும் வெளியே. அதனால் போலந்து முன்னுக்குப் போகாமல், தோற்றுக்கொண்டிருக்கும் அந்த 2-0ஐப் பாதுகாத்துக்கொண்டு நின்றது.

ஆட்டம் முடிந்தது. மற்ற ஆட்டம் இன்னும் முடியவில்லை. போலந்துக்காரர் மைதானத்திலேயே நின்றார்கள். ஓடுவதற்கும் இல்லை, தடுப்பதற்கும் இல்லை. வேறு ஒரு மைதானத்தில் வேறு இரண்டு நாட்டுக்காரர் உதைக்கும் பந்துக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் சவூதியின் சலேம் அல் தவ்சாரி மேலதிக நேரத்தில் ஒரு கோல் அடிக்க, கோல் வித்தியாசத்திலேயே போலந்து உள்ளே போனது. மஞ்சள் அட்டைக்குத் தேவை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அண்ணாவின் பதில் வந்தது. குரல் பதிவு இல்லை, எழுத்து. “போலந்துப் பெடியளைப் பாத்தியா? தங்கட வேலையை முடிச்சிட்டு மற்றவன்ர ரிசல்ற்ஸைப் பாத்துக்கொண்டு நிண்டாங்கள். அவங்களுக்கு நாலைஞ்சு நிமிசம். எனக்கு நாலைஞ்சு மாசம்.”

அண்ணா வெட்டுப்புள்ளியைப் பற்றி என்னோடு கதைத்தது அது ஒரு தடவைதான். நானும் அப்போது அதே இடத்தில்தான் நின்றேன், எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. “ஓம் அண்ணா” என்று மட்டும் போட்டேன்.

அவுஸ்திரேலியா என்றதும் எங்கட பக்கம் எல்லாருக்கும் ஒரே சந்தோசம். ‘லேசு’ என்றுதான் எல்லாரும் சொன்னோம். குழு ஆட்டத்தில் பிரான்ஸிடம் 4-1 என்று அடி வாங்கின அணி. ஆட்டம் டிசம்பர் 3, மெஸ்ஸிக்கு அது ஆயிரமாவது ஆட்டம். 35இல் மெஸ்ஸி, 57இல் அல்வாரஸ். நான் படுக்கப் போகலாமோ என்று யோசித்தேன். 77இல் அவுஸ்திரேலியாக்காரர் ஒருவர் தூரத்தில் இருந்து அடித்த பந்து என்சோ பெர்னாண்டஸில் பட்டு உள்ளே போனது. 2-1. ஏழாவது மேலதிக நிமிடத்தில் கரங் குவோல் என்ற பதினெட்டு வயதுப் பெடியன், தென் சூடானில் இருந்து அகதியாகப் போன குடும்பத்துப் பிள்ளை, கோலுக்கு முன்னால் பந்தைத் திருப்பி அடித்தான். எமிலியானோ மார்ட்டினஸ் விழுந்து தடுத்தார். தடுத்த பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிலத்தில் கிடந்தார், ஓட்டாமென்டி வந்து அவருக்கு மேலே விழுந்தார்.

அந்தப் பந்து உள்ளே போயிருந்தால், ‘லேசு’ என்று சொன்ன எங்கட வாயை எங்கே கொண்டுபோய் வைத்திருப்போம்? எதிரணியைக் கணக்குப் போடும்போது நாங்கள் ஒன்றை மறந்துவிடுகிறோம். எங்கட தாளில் அம்புக்குறியின் நுனியில் ஒரு பெயராக இருப்பவர்களுக்கும் ஒரு தாள் இருக்கும். அதில் ஆர்ஜென்ரீனா ஒரு பெயர். குவோலின் வீட்டிலும் யாரோ அன்றைக்கு நித்திரை முழித்திருப்பார்கள்.

பின்னாளில் 1998 ரைகர் கிண்ணத்தைப் பற்றி வாசித்தபோது இது எனக்கு இன்னும் விளங்கியது. வியட்நாமில் நடந்த போட்டி. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் கடைசிக் குழு ஆட்டத்துக்கு முதலே அரையிறுதிக்குத் தெரிவாகிவிட்டன. வெல்கிறவர் ஹனோய்க்குப் போய் வியட்நாமை அதன் சொந்த மைதானத்தில் சந்திக்க வேண்டும். தோற்கிறவருக்குச் சிங்கப்பூர். அதனால் இரண்டு பேருமே வெல்ல விரும்பவில்லை. 2-2 என்று நின்றபோது இந்தோனேசியாவின் முர்சித் எபென்டி தன் சொந்தக் கோலுக்குள்ளேயே வேண்டுமென்று பந்தை அடித்தார். தடுக்க ஓடி வந்தது தாய்லாந்துக்காரர். தாய்லாந்து 3-2 என்று ‘வென்றது’. எபென்டிக்குச் சர்வதேச ஆட்டங்களில் வாழ்நாள் தடை. இரண்டு நாட்டுக்கும் தண்டப்பணம். அரையிறுதியில் தாய்லாந்தை வியட்நாம் 3-0 என்று அடித்தது. இந்தோனேசியா தேடிப் போன சிங்கப்பூர் இந்தோனேசியாவை 2-1 என்று வென்றது. பிறகு இறுதி ஆட்டத்தில் வியட்நாமையும் வென்று கிண்ணத்தைத் தூக்கியதும் அதே சிங்கப்பூர்தான்.

இதை அண்ணாவுக்குச் சொன்னபோது அவர் சொன்னார், “கோடு போடுறது பிழையில்ல. கோட்டுக்காக விளையாடுறதுதான் பிழை.”

2022இன் மிச்சக் கதை எல்லாருக்கும் தெரியும். நெதர்லாந்தோடு 2-2, பெனால்ரியில் வெற்றி. குரோசியாவை 3-0. மற்றப் பக்கம் பிரான்ஸ் போலந்து, இங்கிலாந்து, மொரோக்கோ எல்லாரையும் தாண்டி வந்தது. ஆக, நவம்பர் 30 இரவு நாங்கள் தப்பிவிட்டோம் என்று நினைத்த அணி டிசம்பர் 18 இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது. தாளின் இரண்டு பக்கக் கோடும் பிரான்ஸில்தான் போய் முடிந்தது, வித்தியாசம் பதினான்கு நாள் மட்டும். 80ஆவது நிமிடம் வரைக்கும் 2-0. அதற்குப் பிறகு இரண்டு நிமிடத்துக்குள் எம்பாப்பே இரண்டு கோல். மேலதிக நேரத்தில் மெஸ்ஸி, திரும்ப எம்பாப்பே. கடைசிச் செக்கனில் கோலோ முவானியின் அடியை மார்ட்டினஸ் இடது காலால் தடுத்தார். பெனால்ரியில் 4-2. அம்மா கூட முழித்திருந்து பார்த்தா. அண்ணா அழைத்தபோது அந்தப் பக்கம் சத்தம் மட்டும்தான், கதை ஒன்றும் கேட்கவில்லை. அழுகிறாரா கத்துகிறாரா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா.

அந்த நாட்களில்தான் எனக்கான வெட்டுப்புள்ளியும் வந்தது. கலைப்பீடம் கிடைத்தது. அண்ணாவுக்குச் சொல்ல எனக்கு ஒரு நாள் எடுத்தது. அவர் மயிரிழையில் நழுவவிட்ட அதே அட்டவணையில் நான் மயிரிழையில் உள்ளே வந்திருந்தேன். நான் அவரை விடக் கெட்டிக்காரி இல்லை. அவர் விடியவிடியப் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் அனுப்பிய காசில்தான் என்ர ரியூசனே நடந்தது. சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “ஹொஸ்ரல் கிடைக்குமா?” அதற்கு அடுத்த மாதம் வழமையை விடக் கொஞ்சம் கூடக் காசு வந்தது.

கம்பஸில் சிலபேர், “இதெல்லாம் என்ன கணக்கு, நடக்கிறது நடக்கும்” என்று சிரிப்பார்கள். எனக்கு அப்படிச் சிரிக்க முடிவதில்லை. முடிவெடுக்கிற இடத்தில் இல்லாதவர்கள்தான் கூடக் கணக்குப் போடுகிறார்கள். லீவு கிடைக்குமா, விசா புதுப்பிப்பார்களா, வெட்டுப்புள்ளி எவ்வளவு, டொலர் எவ்வளவு என்று எங்கட வீடுகளில் எல்லாம் யாரோ ஒரு கொப்பியில் கோடு போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உதைபந்தாட்டத்தில் அந்தக் கோட்டுக்குப் பிறகு தொண்ணூறு நிமிடமாவது கையில் இருக்கிறது. அண்ணாவுக்கு அந்தத் தொண்ணூறு நிமிடம் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த முறையும் எச் குழுவின் கடைசி ஆட்டங்கள் ஜே குழுவுக்கு முதல் நாளே முடிந்துவிடும். ஆர்ஜென்ரீனா ஜோர்தானோடு இறங்கும்போது ஸ்பெயின் எங்கே நிற்கிறது என்று தெரிந்திருக்கும். அதே நேரத்தில் மற்ற மைதானத்தில் ஆடப்போவது அல்ஜீரியாவும் ஒஸ்ரியாவும். 1982இல் ஒஸ்ரியா பந்தைத் தட்டிக்கொண்டு நின்றதை வெளியில் இருந்து பார்த்த அல்ஜீரியாதான். இதையும் அண்ணா தாளின் ஓரத்தில் குறித்திருந்தார், பக்கத்தில் மூன்று ஆச்சரியக்குறி.

அன்றிரவு நித்திரை வராமல் இருந்ததற்குக் காரணம் அது இல்லை. படத்தைக் கீழே இழுத்தபோது தாளின் அடியில், நாடுகளுக்கெல்லாம் கீழே, சின்னதாக இன்னொரு கோடு இருந்தது. அதற்கும் இரண்டு பக்கம். ‘ஜூனில் லீவு தந்தால்: வீட்டில, அம்மாவோட.’ மற்றப் பக்கம், ‘தராட்டி: இங்க.’

ஐந்து வருசமாக அவர் வீட்டுக்கு வரவில்லை. நான் அந்தக் கோட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அண்ணா, உருகுவே இரண்டாவதா வந்தா என்ன செய்யிறது?” என்று கேட்டேன். உடனே பதில் வந்தது, அவரும் நித்திரை கொள்ளவில்லை.

“வரட்டும், பாப்பம்.”